போர்மேன் வீட்டுச் சூடு

லேப்டாப் திரையின் மூலையில் 92 என்று சிவப்பாக எரிந்த எண்ணைப் பார்த்ததும், வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்ற முனியசாமி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக்குள் திரும்பி வந்தார்.

செருப்பைக் கழற்றியது சுத்தத்துக்காக அல்ல. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழைகிறவர்கள் செருப்பை வெளியே விட்டு, வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் போர்மேனாக இருந்து அதை மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அவருக்கே ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டில் செம்புத் தகடு இல்லை. சன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டார்.

"இது என்ன தாயி, டிகிரியா?"

"ஆமாப்பா."

"தொண்ணூத்திரண்டா? நம்ம வீட்டுக்குள்ளயா?"

"உள்ள இருக்கிற பிராசசரோட சூடுப்பா. நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள் மகள் இசைவாணி.

அந்த ஒரு வார்த்தை போதும், முனியசாமி நகர மாட்டார். சூட்டை இன்னொருத்தர் பார்த்துக்கொள்வதாவது! மருந்து அறையில் முப்பத்தெட்டு டிகிரி வந்தாலே தெர்மாமீட்டரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். வீட்டில் கொசுவர்த்தியை மண்சட்டியில் வைத்து, சட்டியைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்து, தாம்பாளத்தை முற்றத்தில் வைப்பார். அதற்குப் பிறகு கொசுக்கள் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

லேப்டாப் அவர்களுடையது அல்ல. விருதுநகர் தெப்பக்குளம் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சவரிராஜ், தன் மச்சான் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியதை இசைவாணிக்குக் கொஞ்ச நாளைக்கு இரவலாகக் கொடுத்திருந்தார். விளையாட்டுக்கென்றே செய்த லேப்டாப்பாம். அம்மிக்கல் கனம்.

இசைவாணி என்ஜினியரிங் கடைசி வருடம். சென்னையில் ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொள்வதாகக் கடிதம் கொடுத்திருந்தது. பாஸ் செய்தால் போதும். பாஸ் செய்யப் புராஜெக்ட் வேண்டும். புராஜெக்டுக்கு ஒரு பெரிய கணக்கு இந்த லேப்டாப்பில் ஐந்து நாள் இராப்பகலாக ஓட வேண்டும். நடுவில் அணைந்தால் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அடுத்த புதன்கிழமை வாத்தியார்கள் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். அதற்கு வைவா என்று பெயர். இவ்வளவும் முனியசாமிக்கு மனப்பாடம். தனக்கு அப்புறம் தன் பிள்ளை கையில் மருந்து ஒட்டக் கூடாது என்பதைத் தவிர அந்த மனிதர் சாமியிடம் வேறு எதையும் கேட்டதில்லை.

"சும்மா கணக்குப் போடுறதுக்கா இம்புட்டுச் சூடு?"

"கம்பெனிக்காரன் இதுக்குன்னு ஒரு வேகம் வச்சிருப்பான்பா. அந்த வேகத்துல விட்டா பத்து நாளாகும். அதான் வேகத்தைக் கூட்டி வச்சிருக்கேன். ஓவர்கிளாக்னு பேரு."

"ஓவர்டைம் மாதிரியா?"

"அப்படித்தான்."

"அந்த வேகத்துக்கு மேல தாங்காதுன்னுதான கம்பெனிக்காரன் அப்படி வச்சிருக்கான்?"

"இது கொஞ்சம் தாங்கும்பா."

முனியசாமி முகம் சுருங்கிப்போனது. இந்த 'கொஞ்சம் தாங்கும்' அவர் கம்பெனியில் தினமும் கேட்கிற பேச்சு. முதலாளி நாலைந்து அறைகளை உக்கிரபாண்டி என்ற காண்டிராக்டருக்கு விட்டிருந்தார். ஏழாம் நம்பர் அறையில் நாலு பேர் உட்காரலாம் என்று சுவரிலேயே பெயின்டில் எழுதியிருக்கிறது. உக்கிரபாண்டி எட்டுப் பேரை உட்கார வைத்திருந்தான். கேட்டால், "அம்மன் கோயில் சித்திரைப் பொங்கலுக்குள்ள ஆர்டர் போயாகணும், கொஞ்சம் தாங்கும் போர்மேன்" என்பான்.

போன மாதம் இது தெரிந்து இசைவாணி, "அந்த ஆளு இருக்கிறவரைக்கும் நீங்க லீவு போடுங்கப்பா" என்று அழுதாள். "நான் அங்கன இருக்கேங்கிற தைரியத்துலதான் தாயி அதுக உக்காருதுக" என்று சொல்லிவிட்டு மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் போட்ட லீவு மூன்று: தன் கல்யாணம், இசைவாணி பிறந்தது, அம்மா செத்தது.

நாலாவது லீவு அந்தத் திங்கட்கிழமை.

எதிர்வீட்டுப் போனிலிருந்து உதவி போர்மேன் கருப்பணனைக் கூப்பிட்டு, "ஒன்பது மணிக்கு வந்துருவேன்லே, ஏழாம் நம்பரைப் பாத்துக்க" என்றார். பிறகு கொல்லையிலிருந்து இரண்டு செங்கல் எடுத்துவந்து லேப்டாப்புக்குக் கீழே முட்டுக் கொடுத்தார். காற்று போக வழி வேண்டும். மருந்து அறைக்கு எதிரும் புதிருமாகக் கதவு வைப்பதே அதற்குத்தானே. எண் மளமளவென்று இறங்கியது. தொண்ணூறு. எண்பத்தெட்டு. எண்பத்தாறு.

"பாத்தியா? இம்புட்டுத்தான் வித்தை" என்று கை கழுவப் போனார்.

திரும்பி வந்தபோது தொண்ணூற்றைந்து.

"செங்கல் வெயில்ல கெடந்ததுல்லப்பா" என்றாள் இசைவாணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க கிளம்புங்க, நான் பாத்துக்கிறேன்."

"நீ பாத்துக்கிட்ட லட்சணந்தான் தெரியுதே!"

மேசை விசிறியைக் கொண்டுவந்து வைத்தார். ஊரில் இருந்த மின்வெட்டு அட்டவணையை அவர் மறந்துவிட்டார்; விசிறி இரண்டு சுற்றுச் சுற்றியதும் மின்சாரம் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது, விசிறி ஓடவில்லை. போன வருடத்து நாள்காட்டி அட்டையை எடுத்து உட்கார்ந்து விசிற ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம் விசிறினார். கம்பெனிப் பழக்கத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் எண்ணைப் பார்த்து, ஒரு பழைய நோட்டில் நேரமும் டிகிரியும் எழுதிக்கொண்டார். கை ஓய்ந்து அட்டையைக் கீழே வைத்தபோது மணி பன்னிரண்டு. டிகிரி தொண்ணூற்றேழு.

மத்தியானம் அவர் மனைவி குருவம்மாள் அயிரை மீன் குழம்பு வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கிடந்தாலே வாய் ஓயாமல் திட்டுகிறவள், அன்று "இன்னுங் கொஞ்சம் ஊத்திக்கிடுங்க" என்று பரிந்து பரிமாறினாள். முனியசாமிக்குச் சந்தேகமே வரவில்லை. மீன் அவ்வளவு நன்றாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையிலும் இதே கூத்துதான். செருப்பை மாட்டினார். "நீங்க போங்கப்பா, தொண்ணூத்தெட்டுதான் இருக்கு" என்றாள் மகள். செருப்பைக் கழற்றினார்.

அன்றைக்கு ஈரச்சாக்கு. கம்பெனியில் வெயில் ஏறினால் அறைக்கு வெளியே ஈரச்சாக்கைத் தொங்கவிடுவார்கள். முனியசாமி லேப்டாப்பைச் சுற்றி மூன்று பக்கமும் ஈரச்சாக்கு கட்டினார். பார்ப்பதற்கு யாருக்கோ பிரசவம் நடக்கிற மாதிரி இருந்தது. சாக்கில் ஏற்கெனவே இருந்தது மிளகாய் வற்றல்; அது அவருக்கு மறந்துபோயிருந்தது. காற்று பட்டதும் வீட்டில் மூன்று பேரும் தும்மினார்கள். தும்மிக்கொண்டே சாக்கைப் பிடுங்கியதில் சொட்டிய தண்ணீர் பித்தான்களுக்குள் இறங்கி, ஒரு பித்தான் அமுங்கியது அமுங்கியபடியே நின்றுவிட்டது.

"இது போச்சுன்னா கணக்கும் போச்சாம்மா?"

"அது வெறும் பித்தான்தாம்பா. ஆனா சூடு தொண்ணூத்தொன்பது."

மகள் படிப்பைத் தன் கையாலேயே கெடுத்துவிடுவோமோ என்ற பயம் முதல்முறையாக அப்போதுதான் வந்தது. பயந்தவன் சும்மா இருக்க வேண்டும். முனியசாமி மண் அள்ளப் போனார்.

நெருப்புக்கு மண்தான் மருந்து என்பது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனைக்குட்டம் அணைப் பக்கமிருந்து அள்ளிவந்த மணலை ஒரு அகலத் தட்டில் பரப்பி, தண்ணீர் தெளித்து, அதன்மேல் லேப்டாப்பை உட்கார வைத்தார். கீழே குளிர்ச்சி, மேலே விசிறி. கச்சிதமான ஏற்பாடு. லேப்டாப்புக்குள்ளும் ஒரு குட்டி விசிறி இருக்கிறது, அது கீழேயிருந்துதான் காற்றை உறிஞ்சும் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி 'கர்ர்' என்று சத்தம் கேட்டது.

"அப்பா, அது மணலைத் திங்குதுப்பா!"

"அதுக்குப் பசியா இருக்கும்" என்றாள் குருவம்மாள், வெங்காயம் உரித்துக்கொண்டே. வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

புதன்கிழமை முற்றத்து வேப்பமரத்தடிக்கு லேப்டாப்பை இடம் மாற்றினார். நீள ஒயர் இழுத்து, ஸ்டூல் போட்டு, ஒரு கையில் தண்ணீர் வாளியும் மறு கையில் மண் வாளியுமாகப் பக்கத்தில் நின்றுகொண்டார். நூறு டிகிரியைத் தொட்டால் சத்தம் கொடுக்கும்படி லேப்டாப்பில் இசைவாணி வைத்திருந்தாள். பதினோரு மணிக்கு அது தொட்டது. 'கீ... கீ... கீ...' என்று அலறியது.

எதிர்வீட்டுச் செல்வலட்சுமி எட்டிப் பார்த்தாள். போர்மேன் வாளியோடு நிற்கிறார், ஏதோ அலறுகிறது. அவள் மேற்கொண்டு எதையும் யோசிக்கவில்லை. அந்த ஊரில் முதலில் ஓட வேண்டும், பிறகுதான் என்ன ஏது என்று கேட்க வேண்டும்.

"போர்மேன் வாளியோட நிக்காரு! ஓடுங்க!"

தெருவே எழுந்து ஓடியது. கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடினாள். முகத்தில் பாதிச் சோப்போடு ஒருவர் ஓடினார். ஊரே ஓடுவதைப் பார்த்த முனியசாமிக்கும் கால் நிற்கவில்லை. வாளிகளைப் போட்டுவிட்டு அவரும் ஓடினார். அணைக்கரைக்கு வந்து மூச்சு வாங்க நின்றபோதுதான் கேட்டார்.

"எங்கன? எந்தக் கம்பெனி?"

"ஒங்க வீட்டுலதான போர்மேனே?" என்றாள் செல்வலட்சுமி.

முனியசாமி விஷயத்தைச் சொன்னார். யாரும் அவரைத் திட்டவில்லை, கேலியும் செய்யவில்லை. அந்தத் தெருவில் நாலு வீட்டில் மாலை போட்ட படம் தொங்குகிறது. எல்லாமே இரண்டு வருடத்துக்குள் மாட்டியது. எல்லாரும் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஒவ்வொருவராக வீட்டுக்குத் திரும்பினார்கள். சோற்றுப் பானைக்காரி மட்டும், "சோறு குழைஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

இசைவாணி ஓடவில்லை. லேப்டாப் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இப்போது நூற்றொன்று.

"நான் ஓடுனதுக்கப்புறம் கூடியிருக்கா?"

"மரத்தடிக்கும் வெயிலு வந்துருச்சுல்லப்பா."

வியாழக்கிழமை உக்கிரபாண்டியே போனில் வந்தான். செல்வலட்சுமி ஓடிவந்து கூப்பிட்டாள்.

"போர்மேன், ஆளுக்குக் காய்ச்சல்னு லீவு கேப்பாக, ஆடு மாட்டுக்குக் காய்ச்சல்னு கூடக் கேட்டிருக்காக. லேப்டாப்புக்குக் காய்ச்சல்னு லீவு போட்ட ஆளை இப்பத்தான்யா பாக்கேன்."

"அஞ்சு நாள் கணக்குங்க. நாளையோட முடிஞ்சிரும்."

"நீரு வராட்டா எனக்கென்ன, வேலை பாட்டுக்கு நடக்கு" என்று வைத்துவிட்டான்.

அதுதான் முனியசாமிக்குக் குடைந்தது. சாயங்காலம் கருப்பணன் வீட்டுக்கே வந்தான். தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணே, ஏழாம் நம்பர்ல இன்னைக்குக் கலந்த மருந்து மிச்சமாகிப்போச்சு. தண்ணியில கரைச்சுக் கொட்டிருவோம்னேன். வேண்டாம், நாளைக்கு ஆகும்னு அங்கனயே வச்சுப் பூட்டச் சொல்லிட்டாரு."

"ஏலே! மிச்ச மருந்து ராத்தங்கினா ஈரம் ஏறித் தன்னால சூடாகும்னு ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்ணே. அவருக்குத் தெரியணும்ல?"

"நாளைக்கு எது எப்படிப் போனாலும் வர்றேன். வழக்கம்போலப் பன்னெண்டரைக்கு நீங்கள்லாம் சோத்துக்குப் போனதும் நான் உள்ள போயி தெர்மாமீட்டரைப் பாத்துட்டு, அந்த மருந்தை நானே கரைச்சுக் கொட்டிட்டு வந்துர்றேன்."

அடுப்படியில் குருவம்மாள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. சத்தம் கேட்டு முனியசாமி திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி கருப்பணனிடம் பேச ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே நூற்று மூன்று.

"நூத்தஞ்சு வந்தா தானா அணைஞ்சிரும்பா. இன்னைக்கு ஒரு நாள்தான்" என்றாள் இசைவாணி. கண் இரண்டும் சிவந்திருந்தன. படிக்கிற பிள்ளை தூங்கவில்லை போலிருக்கிறது என்று முனியசாமி நினைத்துக்கொண்டார்.

முதல்முறையாக அவள் 'நீங்க போங்கப்பா' என்று சொல்லவில்லை. அதையும் அவர் கவனிக்கவில்லை.

பன்னிரண்டு மணி வரைக்கும் பார்ப்போம் என்று உட்கார்ந்தார். ஐஸ்காரனிடம் கெஞ்சி ஒரு பாளம் ஐஸ் வாங்கிவந்து, பாலிதீன் பையில் கட்டி, மணலுக்குள் புதைத்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்தார். சித்திரை வெயிலில் ஐஸ் ஒரு மணி நேரத்தில் கரைந்து, பை ஒழுகி, மணல் சேறாகி, அம்மிக்கல் கன லேப்டாப் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. குட்டி விசிறி ஒருமுறை முனகிவிட்டு நின்றது. நூற்று நாலு. நூற்றைந்து. திரை கறுத்தது.

வீட்டில் சத்தமே இல்லை. ஐந்து நாளாகக் காதில் விழுந்துகொண்டிருந்த இரைச்சல் நின்றதும் காது அடைத்த மாதிரி இருந்தது.

முனியசாமி அந்தக் கறுத்த திரையில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து நாள். ஆறு வித்தை. கடைசியில் பிள்ளையின் வேலையைத் தன் வீட்டு மணலில் புதைத்தாயிற்று. துக்கம் வந்தால் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"இனிமே எனக்கு இங்கன என்ன வேலை? நான் கம்பெனிக்குப் போறேன்."

"அப்பா, போகாதீகப்பா!" இசைவாணி ஓடிவந்து சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தரம் ஓட்டலாம்பா. நீங்க பக்கத்துல இருங்கப்பா."

"இருந்து? ஒரு பெட்டியைக் காப்பாத்த ஒனக்கு வக்கில்ல. நீயெல்லாம் படிச்சு என்னத்தைக் கிழிக்கப்போற!"

அவர் மகளை அப்படிப் பேசியதே இல்லை. சொன்ன பிறகு அவருக்கே வாய் கசந்தது. அவள் சட்டையை விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, வண்டிச் சாவியை எடுக்கப் போனார். ஆணியில் சாவி இல்லை.

"சாவி எங்க?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் குருவம்மாள்.

மேசையில் தேடினார். சட்டைப் பைகளில் தேடினார். அரிசிப் பானைக்குப் பின்னால் தேடினார். சேற்று மணலுக்குள்ளேயே கையை விட்டுத் துழாவினார். மணி பன்னிரண்டரையைத் தாண்டியது. நடந்தாவது போகிறேன் என்று வாசலுக்கு வந்து ஒரு கால் செருப்பை மாட்டினார்.

கிழக்கே சத்தம் கேட்டது.

ஒரே ஒரு சத்தம். கூரை ஓடு அதிர்ந்து தூசி கொட்டியது. தெருவில் எல்லாரும் வெளியே வந்து கிழக்கே பார்த்தார்கள். பனைகளுக்கு மேலே வெள்ளைப் புகை மெதுவாக எழுந்தது. அது எந்தக் கம்பெனி என்று யாரும் அவரிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார்.

பத்து நிமிடம் கழித்து வாட்ச்மேன் அறையிலிருந்து செல்வலட்சுமி வீட்டுப் போனில் கருப்பணன் பேசினான்.

"அண்ணே, ஏழாம் நம்பருண்ணே. சுவரு கூட இல்ல."

"ஆளுக, லே? ஆளுக?"

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லண்ணே. எல்லாரும் புளியமரத்தடியில சோறு தின்னுக்கிட்டு இருந்தோம்."

"நான் வந்திருந்தா அந்த மருந்தைக் கொட்டியிருப்பேன்லே. நான் வராமப் போனேனே!"

"நீங்க வந்திருந்தா உள்ள இருந்திருப்பீகண்ணே. அந்நேரம் உள்ள போறது நீங்க ஒருத்தருதான" என்று சொல்லிவிட்டுக் கருப்பணன் அழுதான்.

முனியசாமி வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தார். தப்பித்தோம் என்ற சந்தோஷம் வரவில்லை. எட்டுப் பேர் உட்கார்ந்திருந்த அறைக்கு அத்தனை நாளும் 'நாலு பேர்' என்று தன் கை எழுதிக் கையெழுத்துப் போட்ட பதிவேடுதான் கண்ணுக்குள் நின்றது. இந்த வீட்டில் வேகத்தைக் கூட்டியதற்கு மகளைக் கேள்வி கேட்டவர், அங்கே ஒரு நாளாவது உக்கிரபாண்டியின் சட்டையைப் பிடித்திருக்கிறாரா? இல்லை. வெட்கமாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். வண்டிச் சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் தேடினால் கண்ணெதிரே இருப்பதும் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் குருவம்மாளும் இசைவாணியும் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், முனியசாமி லேப்டாப்பைச் சேறு போகத் துடைத்தார். அதன் நெற்றியில், நெற்றி என்று எது இருக்கிறதோ அங்கே, திருநீறு பூசினார். ஒரு துணிப்பையில் வைத்து மடியில் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டு பஸ்ஸில் விருதுநகர் போனார். பேசிய பேச்சுக்கு மகளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ரிப்பேர் செய்து கொண்டுபோய் வைத்தால், அதுவே கேட்டதாகிவிடும் என்று கணக்கு. புதன்கிழமை வைவாவுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.

தெப்பக்குளம் பக்கம் கடைவீதி மிளகாய் நெடியில் இரண்டு தும்மல் போட்டுவிட்டுச் சவரிராஜ் கடைக்குள் நுழைந்தார். செருப்பை வெளியே விட்டார். கதவுக் கம்பியைத் தொட்டுக்கொண்டார்.

"வாங்க அண்ணாச்சி!" சவரிராஜ் எழுந்தே விட்டார். "கேள்விப்பட்டேன். ஆண்டவர்தான் ஒங்களைக் காப்பாத்தியிருக்காரு."

"ஆண்டவரு பாதி, இந்தப் பெட்டி பாதி" என்று முனியசாமி பையைக் கொடுத்தார். "இது மட்டும் சூடாகாம இருந்திருந்தா நான் ஏழாம் நம்பருக்குள்ள இருந்திருப்பேன்."

சவரிராஜ் திருகாணியைக் கழற்றிப் பின்மூடியைத் திறந்தார். மேசையில் பொலபொலவென்று மணல் கொட்டியது.

"என்ன அண்ணாச்சி, ஆனைக்குட்டம் அணையையே உள்ள வச்சிருக்கீக?"

"ஆற வைக்கத்தான் சார். ஒண்ணும் நடக்கல. நான் ஆற வைக்க வைக்க அது ஏறிக்கிட்டே போகுது. நாலு நாள்ல சரி பண்ணிருவீகளா? பிள்ளைக்குப் புதன்கிழமை வைவா."

"யாருக்கு?"

"நம்ம இசைவாணிக்குத்தான்."

சவரிராஜ் திருப்புளியைக் கீழே வைத்தார். "அது போன வாரம் வெள்ளிக்கிழமையே முடிஞ்சிருச்சே. பாஸாயிட்டேன்னு இங்கன வந்து மிட்டாய் குடுத்துட்டுல்ல போச்சு."

முனியசாமிக்குப் புரியவில்லை. "அப்ப அஞ்சு நாளா ஓடுன கணக்கு? வேகத்தைக் கூட்டினாத்தான் முடியும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்ததாச் சொல்லுச்சே?"

சவரிராஜ் மணலை விரலால் ஓரமாக ஒதுக்கினார். பிறகு, முனியசாமி முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒங்க பிள்ளை என்ட்ட கேட்டது கணக்கு இல்ல அண்ணாச்சி. 'எங்கப்பா வீட்டை விட்டு நகரக் கூடாது சார், இந்த லேப்டாப்பை எம்புட்டுச் சூடாக்க முடியும்?'னுதான் கேட்டுச்சு."